தகட்டில் 25 என்றிருந்தால் 25தான் மாட்டவேண்டுமா?

முதலில் கேள்வியை ஒருதரம் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், கேட்டது ஒன்று, கேட்க நினைத்தது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு தம்பி 14 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார், எஞ்சின் இல்லாமல். படகின் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் ஆட்கள் 4, மொத்தச் சுமை 400 கிலோ, எஞ்சின் 18.6 கிலோவாட், அதாவது 25 குதிரைவலு என்று போட்டிருக்கிறது. கைப்பிடி பிடித்து ஓட்டுகிற படகு, ஸ்ரியறிங் கிடையாது. சிம்கோ ஏரியிலும் ஸ்கூகொக்கிலும் மீன் பிடிக்கப் போவார். பெரும்பாலும் இவரும் ஒரு நண்பரும், எப்போதாவது மனைவியும் இரண்டு பிள்ளைகளும். கடையில் புதிய 20ஐயும் புதிய 25ஐயும் பார்த்து வைத்திருக்கிறார். இடையில் ஒருவர் தன் கராஜில் கிடக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் 30ஐ மலிவாகத் தருகிறேன் என்று ஆசை காட்டுகிறார். "அண்ணைமாரே, எதை வாங்கட்டும்?" என்பது கேள்வி. எனக்குக் கேட்டது என்னவோ, "எல்லை மட்டும் போகலாமா, ஒரு ஐந்து கூடிப்போனால்தான் என்ன?" என்றுதான்.

நான் யாழ்ப்பாணத்துக் குருநகரில் பதினெட்டடி ஃபைபர் படகுகளுக்கு நடுவில் வளர்ந்தவன். அங்கே தகடும் இல்லை, எல்லையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் 15 மாட்டினால் எங்கள் வீட்டில் 25 பற்றிப் பேச்சு நடக்கும். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாக படகின் பின்னால் மாட்டும் வெளியிணைப்பு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் வேலை. ஆகவே இரண்டு பக்கத்துப் புத்தியும் எனக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் படகை நான் பார்க்கவில்லை, எஞ்சினை மாட்டும் அதன் பின்பலகையைத் தட்டிப் பார்க்கவில்லை. கீழே சொல்வதில் கணக்கு எல்லாப் படகுக்கும் பொருந்தும், உங்கள் படகைப் பற்றிய தீர்ப்பைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

30ஐ முதலில் ஓரங்கட்டிவிடுவோம். அதற்காகச் சொல்லப்படும் நியாயங்கள் முழுப் பொய் அல்ல, அதுதான் பிரச்சினை. எண்பதுகளின் நடுப்பகுதி வரை வந்த பல எஞ்சின்களில் குதிரைவலுவை கிராங் ஷாஃப்டில் அளந்து எழுதினார்கள். இப்போது புறொப்பெல்லர் ஷாஃப்டில் அளக்கிறார்கள், கியர்ப்பெட்டி தின்றது போக மிச்சம்தான் கணக்கு. அதனால் "பழைய 30 இன்றைய 27" என்கிற பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எடையிலும் அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் புதிய 25ஐவிட இலகுவாகவே இருக்கக்கூடும். ஆனாலும் விபத்து என்று ஒன்று நடந்து காப்புறுதிக்காரர் வந்து பார்க்கும்போது அவர் கிராங் ஷாஃப்டைப் பற்றிப் பேசப்போவதில்லை. எஞ்சின் மூடியில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார், தகட்டில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார், வீட்டுக்குப் போய்விடுவார். மூடியை மாற்றி 25 ஒட்டிக் கொண்டுதிரிகிற கெட்டிக்காரர்களும் உண்டு. ஒருத்தர் என்னிடமே ஒட்டியை வாங்கித்தரச் சொல்லிக் கேட்டார். தொடர் எண்ணை வைத்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று சொன்னதும் முகம் வாடிப்போனது.

அந்த 25 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை மீறலாமா என்ற கேள்வியே கொஞ்சம் அடங்கும். அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் விதிமுறை இந்தக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறது, அதனால் அதை எடுத்துக் காட்டுகிறேன். படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கவேண்டும். 14 அடி நீளம், நாலேகால் அடி அகலம் என்றால் 59.5, அதை 60 என்று வைக்கலாம். ஸ்ரியறிங் பூட்டி, பின்பலகை குறைந்தது 20 அங்குல உயரமாகவும் இருந்தால் இரண்டு மடங்கில் 90 கழிக்கவேண்டும்: 30 வரும். கைப்பிடி ஓட்டம் என்றால் 0.8ஆல் பெருக்கி 25 கழிக்கவேண்டும்: 23, அதை அடுத்த ஐந்துக்கு உயர்த்தலாம் என்பதால் 25. அதே அளவில் அடிப்பாகம் தட்டையான, அது பக்கத்தோடு சேரும் விளிம்பு கூரான படகு என்றால் பாதியில் 15 கழித்து 15தான். பார்த்தீர்களா, ஒரே நீளம், ஒரே அகலம், மூன்று விடை. உலோகம் எவ்வளவு தாங்கும் என்பது மட்டும் அல்ல கேள்வி, ஓட்டுகிற ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார், எதைப் பிடித்திருக்கிறார் என்பதும் சேர்ந்துதான் அந்த எண். கைப்பிடிக்காரர் பின்மூலையில், எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு கையால் முழு வலுவையும் பிடித்துக்கொண்டு இருக்கிறார். கைப்பிடி உதறிக்கொண்டு போனால் படகு ஒரு நொடியில் திரும்பும், ஆள் தண்ணீரில் இருப்பார். உங்கள் தகட்டில் 25 என்றிருப்பதே எனக்கு அதைத்தான் சொல்கிறது: பெரும்பாலும் கைப்பிடி ஓட்டத்துக்கு, சற்று வளைந்த அடிக்குக் கணக்குப் போட்ட படகு.

சரி, 20க்கும் 25க்கும் வருவோம். இதில் ஆட்கள் நினைக்கிற வித்தியாசம் ஒன்று, தண்ணீரில் கிடைக்கிற வித்தியாசம் வேறு. வழுக்கி ஓடும் சிறு படகில் வேகம் குதிரைவலுவின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். படகு வடிவமைப்பவர்கள் இதைக் கிரவுச் சூத்திரம் என்பார்கள், பழைய சூத்திரம், கரட்டுத்தனமானது, ஆனால் எங்கள் அளவுப் படகுக்குப் பெரிதாகத் தவறாது. படகு, எஞ்சின், இரண்டு பேர், சாமான் எல்லாம் சேர்த்து 380 கிலோ என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். 15க்கு மணிக்கு 32 கிலோமீற்றர் அளவில் வருகிறது, 20க்கு 37, 25க்கு 41, அந்த 30க்கு 45. கரையிலிருந்து ஆறு கிலோமீற்றர் தள்ளி ஒரு இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் 20க்கும் 25க்கும் நடுவில் ஒரு நிமிடம்கூடச் சரியாக இல்லை. போதாததற்கு, எழுதியிருக்கும் வலுவிலிருந்து பத்து வீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று தொழிற்துறையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நல்ல 20 ஒன்றும் சோம்பல் 25 ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கக்கூடிய இடைவெளி அது.

எடையில்தான் உண்மையான படி இருக்கிறது, அதைக் கடைக்காரர்கள் அழுத்திச் சொல்வதில்லை. கம்பெனிகள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு எஞ்சின் வார்ப்பதில்லை. ஒரே உடம்பை இரண்டு மூன்று எண்ணில் விற்கிறார்கள். சுசுகியை எடுத்துக்கொண்டால் 9.9, 15, 20 மூன்றும் ஒரே 327 சிசி, இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்து இயக்குகிற குட்டைக்கால் (15 அங்குலப் பின்பலகைக்கானது) என்றால் 44 கிலோ. அடுத்த 25ம் 30ம் வேறு உடம்பு: மூன்று சிலிண்டர், 489 சிசி, 62 கிலோவை ஒட்டி. மேர்க்குறியிலும் 15ம் 20ம் ஒரே 333 சிசி, 45 கிலோ அளவு. யமஹாவின் 25 கொஞ்சம் இலகு, 57 கிலோ. ஆக 15ல் இருந்து 20க்குப் போனால் காசுதான் கூடும், எடை கூடாது. 20ல் இருந்து 25க்குக் கால் வைத்த உடனே பின்பக்கத்தில் பதின்மூன்று முதல் பதினெட்டுக் கிலோ வந்து உட்காருகிறது. பட்டன் தட்டி இயக்கும் வகை என்றால் பற்றரி ஒன்று, அது இன்னொரு பதினெட்டு.

இப்போது உங்கள் தகட்டை எடுங்கள். 400 கிலோ என்பது ஆட்கள் மட்டும் அல்ல, எஞ்சின், பெற்றோல், நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். இதைப் பத்தில் எட்டுப் பேர் தவறாகத்தான் விளங்கிவைத்திருக்கிறார்கள் என்பது என் அனுபவம். எண்பது கிலோ ஆட்கள் இரண்டு பேர் 160. 25 எஞ்சின் 62, பற்றரி 18, 25 லீற்றர் தாங்கி நிறைய 22, மற்றச் சாமான் 35. கூட்டினால் 297. மிச்சம் 103. கையால் இழுக்கும் 20 போட்டால் எஞ்சின் 44, பற்றரி இல்லை, மொத்தம் 261, மிச்சம் 139. வித்தியாசம் 36 கிலோ; உங்கள் சின்னப் பிள்ளையின் எடை எவ்வளவு? கடைசி ஐந்து குதிரைக்கு ஒரு பிள்ளையின் இடத்தைக் கொடுக்கிறீர்கள் என்றுதான் நான் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது. அப்புறம், ஆட்கள் 4 என்று போட்டிருக்கிறதே என்று நாலு தடித்த ஆம்பிளைகள் ஏறிவிடாதீர்கள். எண்பது எண்பதாக நாலு பேர் என்றால் எந்த எஞ்சினிலும் 400 தாண்டிவிடும். ஆள் எண்ணிக்கை, கிலோ, குதிரைவலு மூன்றும் தனித்தனி எல்லை, ஒன்றுக்குள் நிற்பது மற்றதைத் தாண்ட அனுமதி இல்லை.

அந்தக் கிலோ எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். கைப்பிடிப் படகில் தனியே போகும்போது நீங்கள் 80, எஞ்சின் 62, பற்றரி 18, தாங்கி 22, எல்லாம் கடையார்ப் பக்கத்து, அதாவது பின்பக்கத்து, கடைசி நாலு அடிக்குள். 182 கிலோ. அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்க்கும். இதில் நான் பட்டது ஒன்று உண்டு. வந்த புதிதில் என் 14 அடிப் படகில் பழைய டூ ஸ்ட்ரோக் 15ஐக் கழற்றிவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் 25 மாட்டினேன். தகட்டில் 25தான், எல்லைக்குள்தான். பின்னேரம் குக்ஸ் விரிகுடாவில் இருந்து தனியே திரும்பி வருகிறேன், வடக்குக் காற்று, சிம்கோவில் அது எவ்வளவு கெதியாக அலை கிளப்பும் என்று போனவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு மரக்கட்டை மிதந்துவந்தது, கைப்பிடி முறுக்கைச் சட்டென்று குறைத்தேன். படகு நின்றது, ஆனால் பின்னால் நான் கிளப்பிக்கொண்டு வந்த அலை நிற்கவில்லை. பதினைந்து அங்குலப் பின்பலகை, அதற்கு மேலால் ஏறி, சத்தம்கூட இல்லாமல் உள்ளே ஊற்றியது. கணுக்கால் மட்டும் தண்ணீர், பற்றரி அதற்குள், ஐஸ்கிறீம் டப்பா ஒன்றால் அள்ளி அள்ளி ஊற்றுகிறேன். இரண்டாவது அலை வந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. கடலில் பதினெட்டடியில் பத்து வருடம் போனவன் என்ற திமிர் அன்றைக்குப் போனது. ஊரில் எங்கள் படகுகளின் விளிம்பு உயரம், அணியம் நீளம். இந்த அலுமினியக் கிண்ணத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அதற்குப் பிறகு அந்த 25ஐ நான் விற்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். பற்றரியை அணியத்துக்கு நீளக் கம்பி இழுத்துக் கொண்டுபோனேன், தாங்கியை நடு இருக்கைக்கு முன்னால் வைத்தேன், கைப்பிடிக்கு நீட்டுக்குழாய் ஒன்று போட்டு நானும் ஓரடி முன்னால் வந்தேன். படகு நேராகிவிட்டது. ஆகவே 25 கூடவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நாலு உயிரோடு அடிக்கடி போகிறவர், பெரிய ஏரியில் தூரம் போகிறவர், படகைப் பிறகு விற்கும் எண்ணம் உள்ளவர் 25 எடுப்பதில் நியாயம் இருக்கிறது. எல்லையில் இருக்கும் எஞ்சினோடு படகு சுலபமாக விலைபோகும். எஞ்சின் முக்கால் திறப்பில் சத்தம் குறைந்து ஓடுவதும் ஒரு சுகம். ஆனால் நீங்கள் சொன்ன கதைக்கு, இரண்டு பேர், மீன்பிடி, ஸ்கூகொக் போல ஆழமில்லாத களை ஏரி, நான் என்றால் கையால் இழுக்கும் 20தான். மிச்சக் காசில் நல்ல உயிர்காப்பு அங்கியும் மீன் தேடும் கருவியும் வாங்கலாம்.

இதில் எனக்கு நிச்சயமில்லாத இடம் ஒன்று: மனைவி பிள்ளைகளோடு போகும்போது 20 உங்கள் படகை நீரின்மேல் ஏற்றுமா என்பது. படகு தண்ணீரைப் பிளந்து போவதில் இருந்து தண்ணீரின்மேல் வழுக்குவதற்கு மாறும் நேரத்தில் ஒரு மேடு ஏறுவது போல வலு வேண்டும். ஏறிவிட்டால் பிறகு குறைவாகவே போதும். படகோடு சேர்த்து மொத்த எடை 430 கிலோ அளவு என்றால் ஒரு குதிரைக்கு இருபத்தொன்றரைக் கிலோ வருகிறது. என் கணக்கில் அது ஏறும், சோம்பலாக ஏறும். ஆனால் அடி எப்படி வளைந்திருக்கிறது, பழைய படகில் மிதப்புக்காக வைத்திருக்கும் நுரைக்குள் தண்ணீர் ஊறிக் கிடக்கிறதா என்பதில் எல்லாமே மாறிப்போகும். கடைக்காரர் ஓட்டிப்பார்க்க விட்டால் ஒரு வேலை செய்யுங்கள். இருபது லீற்றர் தண்ணீர்க் கலன்கள் ஏழெட்டை எடுத்துப்போய், பிள்ளைகளும் மனைவியும் உட்காரும் இடத்தில் வைத்துக் கட்டி ஓட்டுங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ, பேரம் பேசாத சாட்சி. ஏறச் சிரமப்பட்டால் உடனே எஞ்சினைக் குறைசொல்லாமல் புறொப்பெல்லரைப் பாருங்கள். வழக்கமான சுமையோடு முழுக்க முறுக்கும்போது கைநூலில் போட்டிருக்கும் சுழற்சிக்குள், பெரும்பாலும் ஐயாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவில், எஞ்சின் வரவேண்டும். வராமல் திணறினால் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புறொப் முன்னேறும் கணக்குத் தூரம், ஒரு அங்குலம் குறைந்த புறொப் போட்டால் இருநூறு சுற்று அளவு கூடும். எஞ்சினோடு வரும் புறொப் எல்லாப் படகுக்கும் சராசரியாகக் கொடுப்பது, உங்களுக்கென்று வெட்டியது அல்ல. ஐந்து குதிரை வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்த பலருக்கு நான் ஒரு புறொப் மாற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சட்டப்பக்கம் சுருக்கமாக. கனடாவில் பத்துக் குதிரைவலு, அதாவது 7.5 கிலோவாட், அல்லது அதற்கு மேல் எஞ்சின் பூட்டினால் படகுக்கு உரிமம் எண் எடுத்து இரண்டு பக்கமும் எழுதவேண்டும். கடையில் 9.9 என்று ஒரு விசித்திர எண் இருப்பதற்கு இப்படியான எல்லைகளும் காரணம். 20 ஆனாலும் 25 ஆனாலும் உங்களுக்கு இது உண்டு. ஓட்டுபவருக்கு இயக்குநர் அட்டை, அதாவது படகு ஓட்டத் தகுதி உண்டு என்ற அத்தாட்சி, வேண்டும். பிள்ளைகளுக்குக் கைப்பிடியைக் கொடுத்துப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பெரியவர் இல்லாமல் 12 வயதுக்குக் குறைந்தவர் பத்துக் குதிரைக்கு மேல் ஓட்டக்கூடாது, 12 முதல் 16க்குள் 40 வரைக்கும்தான். காப்புறுதிக்காரரிடம் எஞ்சின் மாற்றியதை எழுத்தில் சொல்லுங்கள். கைப்பிடிப் படகில் எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் அல்லது அங்கியில் மாட்டாமல் ஒரு அடிகூட நகராதீர்கள். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரலில் இருந்து அது சட்டமே. ஆள் விழுந்தால் படகு அப்படியே போய்விடாது, வட்டமடித்து விழுந்தவரைத் தேடி வரும், புறொப் சுழன்றபடியே.

எந்த எஞ்சினுக்கும் காசு கட்டுவதற்கு முன்னால் பின்பலகையைப் பாருங்கள். பழைய அலுமினியப் படகுகளில் இரண்டு தகட்டுக்கு நடுவில் பலகைதான் இருக்கிறது, அது உள்ளே உளுத்துப் போயிருக்கும், வெளியே பளபளக்கும். சுத்தியல் பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். "டக் டக்" என்று வருவது ஓரிடத்தில் "தொப்" என்று மாறினால் அங்கே பலகை இல்லை, சேறு இருக்கிறது. ஆணி ஓட்டை ஒன்றுக்குள் கூரான கம்பியைக் குத்திப் பாருங்கள், வெண்ணெயில் போவது போலப் போகக்கூடாது. மாற்றுவதாக இருந்தால் செம்பு மருந்து ஏற்றிய பலகையைப் போடாதீர்கள், அது அலுமினியத்தை அரித்துவிடும். அதன்பிறகு உயரத்தை அளந்து பாருங்கள், பின்பலகையின் மேல்விளிம்பின் நடுவில் இருந்து படகின் அடி வரைக்கும் நேராக. 15 அங்குலம் என்றால் குட்டைக்கால் எஞ்சின், 20 என்றால் நீளக்கால். அந்தப் பழைய 30காரர் தன்னுடையது எந்தக் கால் என்று உங்களுக்குச் சொன்னாரா? நீளக்காலைக் குட்டைப் பலகையில் மாட்டினால் ஐந்து அங்குலம் கூடுதலாகத் தண்ணீருக்குள் இழுபடும், ஸ்கூகொக்கின் களை முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அளந்து, தட்டிப் பார்த்து என்ன சத்தம் வந்தது என்பதையும் எழுதுங்கள், 20ஆ 25ஆ என்பதை அதை வைத்துத் திரும்பப் பேசுவோம்.